ஐயாவுக்கு என்ன வருத்தம்?

கனடாவில் கால் வைத்த மூன்றாம் நாள். டொரண்டோ நகரத்தின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில், மகன் வீட்டு வாசலில் நின்று செப்டம்பர் வெயிலை வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். ஊர், பேர் எல்லாம் விசாரித்துவிட்டு, "ஐயாவுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்து மூன்று நாள்தானே ஆகிறது, அதற்குள் இவர் யாரிடம் என்ன சொன்னாரோ! "வருத்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பேரனைப் பார்த்த சந்தோஷத்துல இருக்கார்" என்றேன் அவசரமாக.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஈழத் தமிழில் வருத்தம் என்றால் நோய் என்று அப்புறம்தான் தெரிந்தது. முந்தின நாள் என் கணவர் வாசற்படியில் உட்கார்ந்து மாத்திரை அட்டைகளைப் பிரித்துப் பிரித்து டப்பாவில் அடுக்கியதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார்.

"சர்க்கரையும் பிரஷரும் இருக்கு" என்றேன்.

"குளிசை எல்லாம் கொண்டு வந்தனீங்கள்தானே? ஓஹிப் இருக்கோ?"

"ஓஹிப்னா?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "மகனிட்டக் கேளுங்கோ அக்கா. முதல்ல அதைக் கேளுங்கோ" என்றார்.

இன்னொரு தமிழ் ஊர்

நாங்கள் திருச்சி உறையூர். கணவர் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன். "ரெண்டு பேரும் அங்க தனியா என்ன பண்றீங்க? வந்து எங்களோடயே இருங்க" என்று நாலு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பிடித்துப்போனால் அங்கேயே இருந்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் கிளம்பினோம்.

ஸ்கார்பரோ எங்களுக்கு அந்நியமாகவே தெரியவில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து புறப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறிய இடம். மார்க்கம் ரோட்டில் நடந்தால் தமிழ்ப் பலகைகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். நகைக்கடை, புடவைக்கடை, கொத்து ரொட்டிக் கடை எல்லாம் உண்டு. முருங்கைக்காயும் மரவள்ளிக் கிழங்கும் கிடைக்கின்றன. இங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகள் டொரண்டோவை 'ரொறன்ரோ' என்று எழுதுகின்றன. அதைப் படித்துப் படித்து என் பேரன் என்னைத் திருத்தினான். பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களுக்குத் தனி அலமாரி இருக்கிறது. என் கணவருக்கு அது போதும், பாதி சொர்க்கம்.

அக்டோபரில் மேப்பிள் இலைகள் மஞ்சளும் சிவப்புமாகப் பழுத்தன. ஸ்கார்பரோ பிளஃப்ஸ் என்று ஒரு இடம். ஒன்டாரியோ ஏரிக்கரையில் மண்சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும் வெளுத்த பாறைச் சரிவுகள். கீழே நீலமாகத் தண்ணீர், கரையே தெரியாத ஏரி. அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, "இங்கயே இருந்துடலாம் போல இருக்கே" என்று இவர் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

ஓஹிப் பற்றி மகனிடம் கேட்டிருந்தேன். "அது இங்க நிரந்தரமா இருக்கறவங்களுக்கு உள்ள அரசாங்க மருத்துவக் காப்பீடும்மா. உங்களுக்குத் தனியா இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கேன். கவலைப்படாதே" என்றான். நானும் கவலைப்படவில்லை. கனடாவில் வைத்தியம் இலவசம் என்றுதானே உறையூரில் எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள்!

யாருக்கு இலவசம்?

இவர் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்து, பழைய வாத்தியார் பழக்கத்தில் எனக்கு ஒரு வகுப்பே எடுத்தார். டாமி டக்ளஸ் என்று ஒருவர். சின்ன வயதில் ஸ்காட்லாந்திலிருந்து கனடாவுக்கு வந்த ஏழைக் குடும்பம். காலில் எலும்பு நோய். காலையே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு பெரிய அறுவை மருத்துவர், மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டால் காசில்லாமல் செய்கிறேன் என்று சொல்லி, அந்தக் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார். ஒரு பிள்ளையின் கால் இப்படி அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கக் கூடாது என்பது அவர் மனதில் பதிந்துவிட்டது.

பிற்காலத்தில் அவர் சஸ்காட்சுவான் மாகாணத்தின் முதல்வரானார். அவர் முன்னெடுத்த மருத்துவத் திட்டம் 1962ல் அங்கே நடைமுறைக்கு வந்தது. டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தும் திட்டம் நின்றுபோகவில்லை. 1966ல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. 1984ல் வந்த கனடா சுகாதாரச் சட்டம், டாக்டர்கள் நோயாளியிடம் தனியாகக் காசு கேட்கும் பழக்கத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்தது.

ஆனால், ஒவ்வொரு மாகாணமும் தன் மக்களுக்குத்தான் இதை நடத்துகிறது. டொரண்டோ இருக்கும் மாகாணம் ஒன்டாரியோ. அதன் திட்டத்தின் பெயர்தான் ஓஹிப். பச்சை நிறத்தில் புகைப்படம் போட்ட ஒரு அட்டை கொடுப்பார்கள். அந்த அட்டை யாருக்குக் கிடைக்கும் என்பது உங்கள் விசாவைப் பொறுத்தது. பிள்ளைகளிடம் போகும் பெற்றோருக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதல் வாசல், சாதாரண விசிட்டர் விசா. வழக்கமாக ஆறு மாதம் தங்கலாம். அரசாங்க வைத்தியம் கிடையாது. இன்ஷூரன்ஸ் எடுத்துப் போவதும் போகாததும் நம் பாடு.

இரண்டாவது, சூப்பர் விசா. பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் என்றே 2011 முடிவில் தொடங்கியது. இப்போது ஒரு தடவை உள்ளே வந்தால் ஐந்து வருஷம் வரை தங்கலாம். நாங்கள் போனது இந்த வாசலில்தான். பெயர்தான் சூப்பர். இதிலும் ஓஹிப் அட்டை கிடையாது. குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு, ஒரு வருஷத்துக்கு, மருத்துவக் காப்பீடு எடுத்துக் காட்டினால்தான் விசா. அதைக் கனடா நிறுவனத்திலோ அந்த நாட்டு அரசு அனுமதித்த வெளிநாட்டு நிறுவனத்திலோ எடுக்க வேண்டும். தங்குகிற ஒவ்வொரு வருஷமும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது, பிள்ளை ஸ்பான்சர் செய்து நிரந்தரக் குடியுரிமை வாங்குவது. இந்த வாசலில் நுழைந்தால் ஓஹிப் உண்டு. முன்பெல்லாம் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று இருந்ததை 2020ல் எடுத்துவிட்டார்கள். ஆனால் நினைத்த நேரத்தில் விண்ணப்பிக்க முடியாது. பெயர் கொடுத்தவர்களில் சிலரைத்தான் தேர்ந்தெடுத்து அழைத்திருக்கிறார்கள். பெற்றோரின் செலவுக்கு நான் பொறுப்பு என்று பிள்ளை 20 வருஷத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனையில், இவருக்கு அரசாங்கம் அளவுக்கு மீறிச் செலவு செய்ய வேண்டிவரும் என்று தெரிந்தால் நிராகரிக்கவும் செய்யலாம்.

இதையெல்லாம் நாங்கள் கிளம்பும் முன் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். தெரிந்துகொண்டதோ வெளியில் பனி கொட்டும்போது.

எட்டு புள்ளி இரண்டு

வந்த புதிதில் ஒரு வேடிக்கை. ஊரிலிருந்து கொண்டுபோன சர்க்கரை பார்க்கும் கருவி வேலை செய்யவில்லை. மருமகள் பக்கத்து மருந்துக் கடையில் புதிதாக வாங்கி வந்தாள். இவர் விரலைக் குத்தி வைத்தால், 8.2 என்று காட்டியது. "நூற்று நாற்பதுக்கு மேலதானே எப்பவும் இருக்கும், எட்டா?" என்று இவர் பயந்தே போய்விட்டார். சர்க்கரை தாழ்ந்துபோய்விட்டது என்று நான் ஓடிப்போய் ஜூஸ் எடுத்து வந்தேன். நல்லவேளை, மருமகள் தடுத்துவிட்டாள்.

கனடாவில் சர்க்கரையை வேறு அளவில் சொல்கிறார்கள். அங்கே காட்டும் எண்ணை 18ஆல் பெருக்கினால் நம் ஊர்க் கணக்கு. 8.2 என்றால் ஏறக்குறைய 148. ஏழு என்றால் 126, பத்து என்றால் 180. கொலஸ்ட்ரால், கிரியாட்டினின் எல்லாவற்றுக்கும் அளவு வேறுதான். நம் ஊர் ரிப்போர்ட்டையும் அந்த ஊர் ரிப்போர்ட்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

மாத்திரை விஷயமும் அப்படித்தான். நாமே பயன்படுத்த 90 நாளைக்கு வேண்டியதை, கடையில் வாங்கிய அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கொண்டுபோகலாம். அது தீர்ந்தபின் திருச்சி டாக்டரின் சீட்டை நீட்டினால் அங்கே மருந்து தர மாட்டார்கள். கனடாவில் பதிவு செய்த டாக்டர் எழுதித் தர வேண்டும். அப்பாயின்ட்மென்ட் இல்லாமலே போய்ப் பார்க்கும் வாக்-இன் கிளினிக்குகள் இருக்கின்றன. அங்கே கட்டணம் கட்டிச் சீட்டு வாங்கினோம். எங்கள் இன்ஷூரன்ஸ் அவசரத்துக்கு மட்டும்தான். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைக்குத் தராது. டாக்டர் கட்டணமும் மருந்தின் விலையும் மகன் கைக்காசு. ஒவ்வொரு தடவையும் மருந்துக் கடை பில்லை இவர் கையில் வாங்கி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் மடிப்பார்.

மருந்தின் பிராண்ட் பெயர் அங்கே உதவாது. உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் தெரிய வேண்டும். பாரசிட்டமால் என்று கேட்டால்கூட அட்டையில் அசிட்டமினோஃபென் என்றுதான் போட்டிருக்கும்.

பென்சில் கோடு

பிப்ரவரி. மூன்று நாளாகப் பனி. வாசலில் பேரன் உயரத்துக்குக் குவித்து வைத்திருந்தார்கள். நடைக்குப் போக முடியாமல் இவர் வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தார். இரண்டு நாளாகச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. கேட்டால் "பசியில்ல" என்பார்.

மூன்றாம் நாள் விடியற்காலை நாலு மணி. எழுந்து பார்த்தால் படுக்கையில் ஆள் இல்லை. கூடத்து சோஃபாவில், நெஞ்சில் கை வைத்தபடி, விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் மகன் ஓடிவந்தான்.

"எப்ப ஆரம்பிச்சதுப்பா?"

"முந்தாநாள் ராத்திரி."

"ஏம்ப்பா சொல்லல?"

இவர் பதில் சொல்லவில்லை. மகன் போனை எடுத்து 911 அழுத்தும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "ஆம்புலன்ஸுக்கு எவ்வளவுடா?" என்றார். என் மகன் அழுது நான் பார்த்து இருபது வருஷம் இருக்கும். அன்றைக்கு அழுதான்.

ஆம்புலன்ஸ் சில நிமிடங்களில் வந்தது. வந்தவர்கள் ஷூவோடு உள்ளே வந்து, சோஃபாவிலேயே வைத்து ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எங்கள் கையில் என்ன அட்டை இருக்கிறது என்று முதலில் கேட்கவில்லை. அதை ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். "ஹெல்த் கார்டு?" இல்லை என்றதும் ஒரு படிவம் நீட்டினார்கள். செலவுக்கு நாங்கள் பொறுப்பு என்று மகன் கையெழுத்துப் போட்டான்.

அவசரப் பிரிவில் யாருக்கு ஆபத்து அதிகமோ அவரை முதலில் பார்க்கிறார்கள். வந்த வரிசையில் இல்லை. இவரை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். ரத்தம் எடுத்தார்கள், சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். மாரடைப்பா என்று தெரிய அந்த இரண்டாவது ரத்தமும் வேண்டுமாம். ஒரு நாள் ராத்திரி வைத்திருந்து பார்த்தார்கள்.

நான் வீட்டுக்கு வந்து, இன்ஷூரன்ஸ் காகிதங்களைத் தேடினேன். இவருடைய அலமாரியில், நூலகப் புத்தகத்துக்கு அடியில் இருந்தது. நாற்பது பக்கத்துக்கு மேல் இருக்கும். வாத்தியார் புத்தி, பென்சிலால் அங்கங்கே கோடு போட்டிருந்தார். ஒரு இடத்தில் மட்டும் இரண்டு கோடு.

அந்த இடத்தை மருமகள் படித்துச் சொன்னாள். முன்பே இருக்கும் நோய் எதுவானாலும், பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 180 நாளில் மாற்றம் இல்லாமல் நிலையாக இருந்திருக்க வேண்டும். புது மருந்து சேர்த்திருந்தாலோ, மருந்தின் அளவைக் கூட்டியிருந்தாலோ, குறைத்திருந்தாலோ நிலையாக இல்லை என்று கணக்கு. அந்த நோய்க்கும் அதனால் வருவதற்கும் பணம் கிடையாது.

எனக்குச் சட்டென்று ஜூலை மாதம் ஞாபகம் வந்தது. விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் பிரஷர் கொஞ்சம் அதிகம் என்றார்கள். எங்கள் டாக்டர் பிரஷர் மாத்திரையை அரையிலிருந்து ஒன்றாக்கினார். நல்லதுக்குத்தான் செய்தார். செப்டம்பரில் பாலிசி தொடங்கியது. நடுவில் இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை.

ஜனவரியிலேயே இவர் அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. நெஞ்சு வலித்தபோது இவருக்கு மாரடைப்பைவிட அந்தப் பக்கம்தான் பயமாக இருந்திருக்கிறது. பிள்ளையின் வீட்டுக் கடனைவிடப் பெரிய கடனை ஒரே ராத்திரியில் ஏற்றி வைத்துவிடுவோமோ என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

ஒரே ஆஸ்பத்திரி, இரண்டு நோயாளிகள்

மறுநாள் சாயங்காலம் டாக்டர் வந்து சொன்னார். இதயம் இல்லை. இரைப்பைப் புண், அமிலம் மேலே ஏறுகிறது. ஒரு மாதம் மாத்திரை, காரம் குறைக்க வேண்டும்.

பில் மூன்று இடத்திலிருந்து தனித்தனியாக வந்தது. ஆஸ்பத்திரி, டாக்டர்கள், ஆம்புலன்ஸ். ஆம்புலன்ஸுக்கு மட்டும் 240 டாலர். மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் டாலர். நம் பணத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல். இன்ஷூரன்ஸ் நிறுவனம் திருச்சி டாக்டரின் பழைய சீட்டு, ரிப்போர்ட் எல்லாம் கேட்டது. ராத்திரி ஒன்பதரைக்கு நாங்கள் போன் செய்தால் திருச்சியில் மறுநாள் காலை எட்டு. கிளினிக் திறக்கும் முன் டாக்டரைப் பிடித்து, ஒவ்வொன்றாக வாங்கி அனுப்பினோம். இரண்டு மாதம் இழுத்தது. கடைசியில், வயிற்றுக் கோளாறு முன்பே இருந்த நோய் இல்லை என்று ஒப்புக்கொண்டு, நாங்கள் ஏற்க வேண்டிய முதல் 500 டாலரைக் கழித்துக்கொண்டு, மீதியைக் கொடுத்தார்கள். அதன் பிறகு செய்யச் சொன்ன பரிசோதனைக்குத் தரவில்லை. அவசரம் முடிந்துவிட்டது, ஊருக்குப் போய்ச் செய்துகொள்ளலாம் என்றார்கள்.

இதயம் என்று முடிவாகியிருந்தால்? அந்தக் கேள்வியை நாங்கள் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா ரசமும் இடியாப்பமும் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் கணவருக்கும் அதே ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலி என்றுதான் போனார்களாம், நாலு வருஷம் முன்பு. "என்ர மனுசனுக்கு பைபாஸ் செய்தவை. ஒரு சதமும் கட்டேல்லை. கார் பார்க்கிங்குக்குத்தான் காசு போனது" என்றார். வாசல் ஒன்று, வலி ஒன்று. அவர் பையில் அந்தப் பச்சை அட்டை இருந்தது. எங்களிடம் இல்லை.

அட்டை இருந்தால் எல்லாம் சுகம் என்றும் அவர் சொல்லவில்லை. அவருக்கு முழங்கால் மாற்று அறுவைக்கு ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்ததாம். சிறப்பு மருத்துவரை நாமே போய்ப் பார்க்க முடியாது, குடும்ப டாக்டர் எழுதித் தர வேண்டும். அந்தக் குடும்ப டாக்டர் கிடைக்காமல் ஒன்டாரியோவில் லட்சக்கணக்கானோர் இருக்கிறார்கள். பல் வைத்தியமும் மூக்குக் கண்ணாடியும் ஓஹிப்பில் சேராது. 65 வயது ஆனவர்களுக்கு மாகாணத்தின் தனித் திட்டத்தில் பெரும்பாலான மருந்துகள் சிறு தொகைக்குக் கிடைக்கின்றன. அட்டை வாங்கியபின் வருஷத்தில் பாதி இந்தியாவில் இருக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். எந்த 12 மாதத்தை எடுத்துக்கொண்டாலும் 153 நாளாவது ஒன்டாரியோவில் இருந்தால்தான் அட்டை செல்லும். அட்டை வாங்கும் முதல் வருஷம், முதல் 183 நாளில் 153 நாள் அங்கேயே இருந்தாக வேண்டும்.

கிளம்பும் முன்

நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை, கிளம்பப் போகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கனடாவை வைத்துச் சொன்னாலும் எந்த நாட்டுக்குப் போகிறவர்களும் கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

முதலில், உங்கள் விசாவில் அந்த நாட்டு அரசாங்க வைத்தியம் கிடைக்குமா என்று கேளுங்கள். பிள்ளைக்குக் கிடைக்கிறது என்பதால் உங்களுக்கும் கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை.

மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருந்தால் பயணத்துக்கு வெகுநாள் முன்பே டாக்டரைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். கடைசியாக மாற்றிய தேதியைக் குறித்து வைத்து, அங்கிருந்து எண்ணி டிக்கெட் போடுங்கள். நிலையாக இருக்க வேண்டிய நாள் பாலிசிக்குப் பாலிசி மாறும். 90, 120, 180 என்று பல விதம். பாலிசிக்காக, தேவையான மருந்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

பாலிசி எடுக்கும்போது கேட்கும் மருத்துவக் கேள்விகளுக்குப் பிள்ளைகள் அவசரத்தில் தாங்களாகவே பதில் போட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே பதில் சொல்லுங்கள். ஒரு பதில் தப்பானால் பாலிசியே செல்லாமல் போகலாம். அங்கே போய் இறங்கியபின் எடுத்தால் முதல் சில நாள் நோய்க்குப் பணம் கிடைக்காத பாலிசிகள் உண்டு. கிளம்பும் முன்பே எடுப்பது நல்லது.

டாக்டரிடம் உங்கள் நோய்கள், மருந்தின் பெயர்கள், அளவு, கடைசியாக மாற்றிய தேதி எல்லாம் ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். பழைய ஈ.சி.ஜி. இருந்தால் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் கேட்ட முதல் கேள்வியே, "பழைய ஈ.சி.ஜி. இருக்கிறதா?" என்பதுதான்.

பல், கண், காது எல்லாவற்றையும் ஊரிலேயே பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே எதற்கு எங்கே போவது என்று முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள். சளி, காய்ச்சலுக்கு வாக்-இன் கிளினிக். என்ன செய்வதென்று தெரியாவிட்டால், ஒன்டாரியோவில் 811 என்ற எண்ணில் எந்த நேரமும் ஒரு நர்ஸ் கட்டணமில்லாமல் ஆலோசனை சொல்வார். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் இழுப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், 911.

இங்கே இருக்கும் காப்பீட்டையும் விட்டுவிடாதீர்கள். எங்களுக்குப் பென்ஷன்தாரர் காப்பீடு, தானாகப் பிடித்தம் ஆகிறது. தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள், "அதான் வெளிநாடு போறோமே" என்று கட்டாமல் விட்டால், திரும்பி வந்து புதிதாக எடுக்கும்போது முன்பே உள்ள நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருக்க வேண்டிவரும். வயதும் கூடியிருக்கும், பிரீமியமும் கூடியிருக்கும்.

முடிவு

ஏப்ரலில் பனி உருகி, வாசலில் புல் தெரிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். ஸ்பான்சர் செய்யப் பெயர் கொடுக்கிறேன் என்றான் மகன். "கொடு. வந்தா அப்போ பார்ப்போம். வராதுன்னு நினைச்சு வாழ்வோம்" என்றார் இவர். அட்டை இல்லாமல் வருஷக்கணக்கில் இருப்பதில்லை, குளிர்காலத்தில் இருப்பதில்லை, மாத்திரை மாறாமல் ஆறு மாதம் ஆனால்தான் பயணம். கோடையில் வந்து பேரனோடு நாலு மாதம் இருந்துவிட்டு, உறையூருக்குத் திரும்பிவிடுவது. மகனுக்கு மனசு கஷ்டம்தான். எனக்கும்தான். பிளஃப்ஸ் பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டியது எனக்கு மறக்கவில்லை.

கிளம்பும் நாள் பக்கத்து வீட்டு அம்மா வழியனுப்ப வந்தார். இவரைப் பார்த்து, "ஐயா, இனிமேல் வருத்தத்தை ஒளிக்காதேங்கோ. காசைப் பிறகு பாக்கலாம்" என்றார். இவர் சின்னப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது உறையூரில் இருக்கிறோம். போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு இவர் என்னை எழுப்பி, "லேசா நெஞ்சு எரியுது, சொல்லணும்னு தோணிச்சு" என்றார். மோர் கலந்து கொடுத்தேன். அரை மணியில் சரியாகிவிட்டது. தூங்கிப்போனார். எனக்குத்தான் வெகுநேரம் தூக்கம் வரவில்லை. சொன்னாரே என்ற சந்தோஷம்.